பள்ளக்காலுக்கு எந்த நெல், மணல்மேட்டில் எவ்வளவு கண்வலிக்கிழங்கு?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. மூன்று ஏக்கர் பள்ளக்கால் நெல் வயல், ஒரு ஏக்கர் மணல்மேடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நெல் மூழ்கிவிடுகிறது. கஜா புயலில் கடல்தண்ணீர் ஏறியதிலிருந்து வயலின் கிழக்கு ஓரத்தில் கோடையில் உப்புப் பூக்கிறது. மேட்டில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம்; போன வருஷம் வியாபாரி அதற்கு முந்தின வருஷ விலையில் பாதிதான் கொடுத்தார். அப்படியும் மூத்த மருமகன், “நெல்லை விட்டுவிட்டு நாலு ஏக்கரிலும் கண்வலி போடலாம், கிழங்குக்குக் கடன் வாங்கித் தருகிறேன்” என்கிறார். பக்கத்து வயல்காரர், “சப் நெல் போடு, பதினைந்து நாள் மூழ்கினாலும் சாகாது” என்கிறார். ஆனால் அவர் போட்டதே ஒரு வருஷம் தப்பியது, மறு வருஷம் முழங்கால் தண்ணீர் ஒரு மாதம் நின்று போய்விட்டது. அது மரபணு மாற்றின நெல்லா, சாப்பிடலாமா? கோவையில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் இளைய மகளோ, கண்வலி மருந்தை இனி ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிடுவார்கள், அதை நம்பிக் கடன் வாங்காதே என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?
(ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் மருமகனின் யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். பள்ளக்காலில் கண்வலிக்கிழங்கு வேண்டாம். அந்தக் கிழங்குக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது. வடிகால் உள்ள செம்மண்ணும் உங்கள் மேடு மாதிரியான மணலும்தான் அதற்கு வாகு. ஐப்பசியில் நெல்லையே மூழ்கடிக்கிற வயலில் கிழங்கு சில நாளிலேயே அழுகிவிடும். நெல் போனால் விதையும் உழவும் நடவும் போகும். கண்வலியில் செலவே முக்கால்வாசி கிழங்கிலும் பந்தலிலும்தான் இருக்கிறது, அது மொத்தமாகப் போகும். விலை ஏறுமா இறங்குமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி நெல்லுக்கு வருவோம்.

பக்கத்து வயல்காரர் சொல்வது கதையல்ல. ஒடிசாவின் தாழ்நிலங்களில் விளைந்துவந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம், முழுக்க மூழ்கினாலும் பத்துப் பதினைந்து நாள் உயிரோடு இருக்கும். விளைச்சல் குறைவு, அரிசியும் சுமார் என்பதால் அதை யாரும் விரும்பிப் பயிரிடவில்லை. ஆனால் அதன் தாங்கும் குணம் எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் விடாமல் தேடினார்கள். 1996இல் கெனாங் சூ, டேவிட் மெக்கில் இருவரும் அது ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது என்று இடம் குறித்தார்கள். 2006இல் அவர்களும் கலிஃபோர்னியாவின் பமீலா ரொனால்டும் சேர்ந்த குழு, அந்த இடத்தில் உள்ள சப்1ஏ என்ற மரபணுதான் காரணம் என்று காட்டியது. உங்கள் ஊரில் ‘சப்’ என்று சொல்வது இதைத்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், பக்கத்து வயல் ஒரு வருஷம் தப்பி மறு வருஷம் ஏன் போனது என்பதும் விளங்கிவிடும். சாதாரண நெல் மூழ்கியதும் அதற்குள் எத்திலீன் வாயு சேர்கிறது. உடனே பயிர் எப்படியாவது தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டப் பார்த்து, இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் எரித்து வளர்கிறது. தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வடிந்தால் சரி. பத்து நாள் நின்றால், வடியும்போது அந்தப் பயிர் நூல்போல நீண்டு, நிற்கவும் சக்தியில்லாமல் சாய்ந்து அழுகும். சப்1ஏ உள்ள பயிரோ அந்த அவசரத்தைக் காட்டாது. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பவரைப்போலச் சர்க்கரையைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் சேமித்ததைக் கொண்டு புதுக் குருத்து விடும்.

ஆகவே இந்தக் குணம் உதவுவது பயிர் தூர் கட்டும் பருவத்தில் முழுக்க மூழ்கி, இரண்டு வாரத்துக்குள் தண்ணீர் வடிந்துவிடும்போதுதான். முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு மாதம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு வகைத் துன்பம். அப்போது பயிர் வளர்ந்து தண்ணீருக்கு மேலே வந்தால்தான் பிழைக்கும், வளராமல் காத்திருக்கும் குணம் அங்கே பாதகமாகவே முடியும். பூக்கும் பருவத்தில் கதிர் மூழ்கினாலும் சப் காப்பாற்றாது. நேரடி விதைப்பு போட்ட மறுநாளே மழை கொட்டி முளைக்கும் விதை மூழ்கினாலும் காப்பாற்றாது. அதற்கு மியான்மரின் ‘காவ் லான் ஓன்’ போன்ற சில நாட்டு ரகங்களில் தனி மரபணு இருக்கிறது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பக்கத்து வயல்காரரை ஏமாற்றியது விதையல்ல. வடிகால் அடைப்புக்கு அவர் விதையில் தீர்வு தேடியிருக்கிறார். உங்கள் வாய்க்காலின் கடைசி மடையில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால், புரட்டாசிக்குள் ஊர் கூடி அதை வெட்டிவிடுவதுதான் முதல் வேலை. எந்த விதையும் அதற்கு ஈடாகாது.

நம் டெல்டாவுக்கு ஏற்றது சிஆர் 1009 சப் 1. பழைய சிஆர் 1009ஐப் போலவே ஐந்து மாதப் பயிர், குண்டு அரிசி, இட்லிக்குப் பேர்போனது. கோ 43 சப் 1 இன்னொன்று. நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து இது சப்பா சாதாவா என்று பிரிப்பது கடினம், அதனால் சான்று அட்டை கட்டிய மூட்டையாக வாங்குங்கள். நெல் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் பயிர் என்பதால், கலப்பில்லாமல் தனியாக அறுத்து எடுத்துவைத்தால் அடுத்த இரண்டு மூன்று பருவத்துக்கு உங்கள் நெல்லையே விதைக்கலாம்.

இதில் மரபணு மாற்றம் கிடையாது. எஃப்ஆர் 13ஏ உடன் நல்ல ரகத்தை ஒட்டி, பிறந்த பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அந்த நல்ல ரகத்தோடேயே சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாற்றில் சப்1 இருக்கிறது என்று இலைத் துணுக்கைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். நெல்லில் இருந்த குணம் நெல்லுக்கே போயிருக்கிறது, அவ்வளவுதான். தாராளமாகச் சாப்பிடலாம். இந்தியாவில் இன்றுவரை வணிகரீதியாக விளையும் மரபணு மாற்றுப் பயிர் 2002இல் வந்த பிடி பருத்தி ஒன்றுதான்.

இந்த விதை யாருக்கு அதிகம் உதவுகிறது என்பதை நான் எங்கே போனாலும் சொல்வேன். ஒடிசாவில் 128 கிராமங்களில் இதே சப்1 சேர்த்த சொர்ணா ரகத்தை விவசாயிகள் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து நாள் மூழ்கிய வயலில் அது சாதா சொர்ணாவைவிட 45 சதவீதம் அதிகம் கண்டது. மூழ்காத வயலில் ஒரு படிகூடக் குறையவில்லை. அங்கே வெள்ளம் தேங்கும் பள்ள நிலங்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களின் கையில் இருப்பவை. மேட்டு நிலமும் வாய்க்கால் தலைப்பும் மற்றவர்களுக்குப் போய்விட்டன. ஆகவே பலன் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது அவர்களுக்குத்தான். ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து, அது பள்ளத்தில் பயிர் செய்பவரின் அடுப்பு வரை போய்ச் சேர்வதைப்போல நிறைவான செய்தி என் துறையில் எனக்கு வேறில்லை.

மூழ்கிய பயிரைப் பார்த்து உடனே மனம் உடைந்து அழித்துவிடாதீர்கள். தண்ணீர் வடிந்ததும் இலையெல்லாம் வெளுத்து, சேறு படிந்து, செத்ததுபோலத்தான் கிடக்கும். வயலின் நாலைந்து இடத்தில் ஒரு தூரைப் பிடுங்கி, வெளி மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து அடியைப் பாருங்கள். நடுக்குருத்து வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி வழவழவென்று நசுங்கி நாற்றமடித்தால் அந்தத் தூர் போய்விட்டது. உயிருள்ளவை பாதிக்கு மேல் இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள். தண்ணீரை முழுக்க வடித்துக் காயப் போடாமல், மெல்லிய அளவில் நிறுத்துங்கள். திடீரென்று வெயில் பட்டால் பிழைத்த இலையும் சுருண்டுவிடும். யூரியாவை அன்றே எறியாதீர்கள். புதுக் குருத்து தெரிந்த பிறகு, ஐந்தாறு நாள் கழித்து, யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் பொட்டாஷும் சேர்த்துப் போடுங்கள். இன்னொன்றும் உண்டு, பலரும் இதில்தான் தவறுகிறார்கள். புயல் அறிவிப்பு வந்த வாரத்தில் மேலுரம் போடக் கூடாது. தழைச்சத்து குடித்துக் கொழுத்த இளம்பயிர் தண்ணீருக்கடியில் சீக்கிரம் சாகும். பயிர்க் காப்பீட்டுக்கும் கடைசித் தேதிவரை காத்திராமல் முன்னதாகவே கட்டிவிடுங்கள்.

சரி, கிழக்கு ஓர உப்பு.

இங்கே அவசரப்பட்டு ஜிப்சம் வாங்கிவிடாதீர்கள். வெள்ளை பூத்த மண்ணெல்லாம் ஒன்றல்ல. உவர் என்பது கரையும் உப்பு சேர்ந்த மண். நல்ல தண்ணீர் நிறுத்தி வடித்தால் உப்பு கீழே இறங்கும், ஜிப்சம் அங்கே வீண் செலவு. களர் என்பது சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, மண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் கலங்கியே நிற்கும் நிலம், அதற்குத்தான் ஜிப்சம். கடல்தண்ணீர் ஏறிய வயல் உவராகத் தொடங்கும். அப்புறம் சரியாக வடியாமல் காய்ந்து காய்ந்து நனைந்தால் களர்த் தன்மையும் சேர்ந்துகொள்ளும். மண் பரிசோதனையில் இரண்டு எண்களைப் பாருங்கள். மின்கடத்துதிறன் 4க்கு மேல் என்றால் உவர், பி.எச். 8.5க்கு மேல் என்றால் களர் என்று சந்தேகிக்கலாம். மண் எடுக்கும்போது மேலே பூத்திருக்கும் பொருக்கை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, கிழக்கு ஓரத்து மண்ணைத் தனியாகவும் மற்ற வயல் மண்ணைத் தனியாகவும் பை போடுங்கள். இரண்டையும் கலந்தால் வரும் எண் எந்த இடத்துக்கும் பொருந்தாது. உங்களுக்குப் பக்கம் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையம்.

உப்புக்கும் நெல்லுக்குள்ளேயே மருந்து இருக்கிறது. கேரளக் கடலோரத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் வயல்களில் விளைகிற பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் ‘சால்டால்’ என்ற பகுதி உண்டு. அங்கேயுள்ள ஒரு மரபணு செய்யும் புரதம், வேர் உறிஞ்சிய சோடியம் தண்டு வழியாக இலைக்கு ஏறும் முன்பே அதைப் பிடித்து வேர்ப்பக்கமே நிறுத்திவிடுகிறது. இந்தப் பகுதியைப் பல ரகங்களுக்கு இப்போது மாற்றிவருகிறார்கள். ஆனால் அது நாற்றுப் பருவத்தில்தான் வலுவாகக் காக்கும். நெல்லுக்கு உப்பு தாங்காத பருவம் இன்னொன்றும் உண்டு, அது பூக்கும் சமயம். அதனால் ரகத்தை நம்பி மற்றதை விடக் கூடாது. கிழக்கு ஓரத்துக்கு மட்டும் முதிர்ந்த நாற்றாக, ஒரு குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நடுங்கள். கோடை மழையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். அது உப்பைத் தாங்கி வளரும், மண்ணையும் இளக்கும். களர் என்று முடிவு வந்தால் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி வெளியிட்ட திருச்சி 3 பொருத்தமான ரகம்.

நாட்டு ரகங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். குழியடிச்சான், களர்பாலை இரண்டும் உங்கள் மாதிரி நிலத்துக்கென்றே முன்னோர்கள் வைத்திருந்தவை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்குவது வழக்கம். கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டில் மட்டும் குழியடிச்சான் போட்டு உங்கள் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். சப்1 வந்ததும் சால்டால் வந்ததும் இப்படி யாரோ ஒரு விவசாயி வீட்டுக் குதிரில் பத்திரப்படுத்திய நெல்லிலிருந்துதான். அந்த நெல்லைக் கைவிட்டிருந்தால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தேடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

மகள் கேட்டிருப்பாள் என்பதால் இதையும் சொல்கிறேன். 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று, நாம் பிபிடி என்று சொல்லும் சம்பா மசூரியிலிருந்து வந்த ‘கமலா’. மற்றொன்று எம்டியூ 1010இலிருந்து வந்த ‘பூசா டிஎஸ்டி ரைஸ் 1’. வறட்சியையும் உப்பையும் தாங்க வேண்டும் என்று அதன் ஒரு மரபணுவை முடக்கியிருக்கிறார்கள். வேறு உயிரின் மரபணு எதையும் இதில் புகுத்தவில்லை. இருந்தாலும் சப்1 பல வருஷம் பல லட்சம் வயலில் நின்று காட்டிவிட்டது, இவை இனிமேல்தான் காட்ட வேண்டும். உங்கள் மூன்று ஏக்கரில் சோதனை செய்யாதீர்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நம் மண்ணில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

இப்போது மணல்மேடு. கண்வலிக்கிழங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன் விதையில் உள்ள கோல்சிசின் கீல்வாதத்துக்கு வெகுகாலமாகக் கொடுக்கும் மருந்து. செல்களுக்குள் நுண்குழல்கள் உருவாவதை அது தடுக்கிறது, அதனால் வீக்கத்தை உண்டாக்கும் வெள்ளணுக்களின் ஓட்டம் அடங்குகிறது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் கோல்சிசின் மாத்திரையை அனுமதித்தது. பயிர் விஞ்ஞானிகளுக்கும் அது வேண்டியதே. செல் பிரியும்போது நுண்குழலைத் தடுத்தால் குரோமோசோம்கள் இரட்டித்துவிடும்; விதையில்லாத் தர்பூசணியை உண்டாக்கியது அப்படித்தான். நம் மாநில மலரின் விதைக்கு மருத்துவத்திலும் வேளாண்மையிலும் இத்தனை வேலை இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் மருமகனை உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். விதையில் கோல்சிசின் அரை சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ விதையில் 5 கிராம். அரை மில்லிகிராம் மாத்திரை என்றால், அந்த ஒரு கிலோ விதையிலிருந்து 10,000 மாத்திரை வந்துவிடும். அரிசியை வயிறு நிறையச் சாப்பிடுகிறோம், இதை எந்த நோயாளியும் கடுகளவுக்கும் குறைவாகத்தான் விழுங்குவார். உலகம் முழுவதற்கும் தேவைப்படும் விதை சில மாவட்டங்களில் விளைந்துவிடும். விலை நன்றாக இருக்கிறது என்று மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் அரவக்குறிச்சியிலும் உங்கள் ஊரிலும் எல்லாரும் கூடுதலாக ஓர் ஏக்கர் போட்டாலே அடுத்த வருஷம் வியாபாரி பாதி விலை சொல்வார். போன வருஷம் உங்களுக்கு நடந்ததும் இப்படித்தான் இருக்கும். மருந்துச் செடி எதுவானாலும் வாங்குபவர் நாலைந்து பேர்தான். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, விற்காவிட்டால் வீட்டிலும் பொங்கிச் சாப்பிடலாம். கண்வலி விதையை என்ன செய்வது?

மகள் சொன்னதும் உண்மை. 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சாட்லியின் குழு, இந்தச் செடி இரண்டு சாதாரண அமினோ அமிலங்களில் தொடங்கிப் படிப்படியாக எந்தெந்த நொதிகளைக் கொண்டு கோல்சிசினைச் செய்கிறது என்று கண்டறிந்தது. அந்த மரபணுக்களைப் புகையிலைக்கு உறவான ஒரு செடியில் வைத்து, கோல்சிசினுக்கு முந்தைய படியிலுள்ள ஒரு வேதிப்பொருளை அங்கே வரவழைத்தும் காட்டினார்கள். 2022இல் வேறொரு குழுவினர் நித்தியகல்யாணிச் செடியின் புற்றுநோய் மருந்துக்கான இரண்டு மூலப்பொருள்களை ஈஸ்ட்டில் செய்தார்கள். ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் வந்ததெல்லாம் அடுத்த வருஷமே வயலை விழுங்கிவிடாது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கதையைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழு 2006இல் அதன் முன்பொருளை ஈஸ்ட்டில் செய்தது. 2013இல் சனோஃபி நிறுவனம் இத்தாலியில் பெரிய அளவில் உற்பத்தியும் தொடங்கியது. அதே நேரத்தில் சீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் செடி பயிரிட்டவர்கள் அதைவிட மலிவாகக் கொடுத்தார்கள். தொட்டியில் செய்தது கட்டுப்படியாகாமல் 2016இல் அந்த ஆலையையே விற்றுவிட்டார்கள். செடியும் வெயிலும் மண்ணும் சேர்ந்து செய்வதற்குக் கூலி குறைவு. ஆனால் அந்தப் போட்டியில் செடி வென்றது விலை தரைமட்டத்துக்கு வந்ததால்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. விவசாயிக்கு அது முழு வெற்றியல்ல. ஆகவே மேட்டு ஏக்கரில் இருக்கும் கண்வலி இருக்கட்டும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, பந்தல் நிற்கிறது, பல வருஷம் பலன் தரும். அதற்கு மேல் ஒரு சென்ட்கூடக் கடன் வாங்கி விரிக்காதீர்கள். போன கிழங்குக்கு மாற்றுக் கிழங்கு வேண்டுமென்றால் பயிரிட்டவரிடம் வாங்குங்கள். காட்டு மணலில் தானாக முளைத்ததைத் தோண்டிவரும் ஆட்களிடம் வாங்க வேண்டாம், அதில்தான் பல இடங்களில் இந்தச் செடியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. வாங்கிய கிழங்கின் முனையில் உள்ள முளைக்கண் ஒடிந்திருந்தால் அது முளைக்காது, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள்.

இருக்கும் ஏக்கரில் வருமானத்தைக் கூட்ட வழி உண்டு. பூவைக் கவனித்திருப்பீர்கள், சூலகத்திலிருந்து சூல்தண்டு நேராக எழாமல் சட்டென்று ஒரு பக்கமாக மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் வேறு பக்கம் விரிந்து நிற்கும். பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் தானாக விழுவது அபூர்வம். அதனால்தான் கையால் தொட்டுவிட வேண்டியிருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள், பை வெடித்து மஞ்சள் தூள் விரலில் ஒட்டும் நேரத்தில், சூல்முடியின் மூன்று பிரிவிலும் படும்படி தடவ வேண்டும். அவசரத்தில் ஒரு பிரிவில் மட்டும் தடவினால் காயில் ஒரு பக்கம் விதை நிரம்பி மற்ற பக்கம் சுருங்கிவிடும். இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள், அந்தக் காசு திரும்பிவிடும்.

விற்பதிலும் வியாபாரி சொன்னதே விலை என்று இருக்காதீர்கள். ஆலைக்கு வேண்டியது விதையின் எடையல்ல, அதிலுள்ள கோல்சிசின். உங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து விதையை ஒன்றாக்கி, ஒரு மாதிரியை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அறிக்கை வாங்கிவிட்டால், பேரத்தில் உங்கள் கையிலும் ஓர் எண் இருக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பக்கத்தில் இருந்தால் அதன் மூலமாகவே செய்யலாம். காய் வெளிறிச் சுருங்கியதும் பறித்து, நிழலில் வெடிக்கவிட்டு, விதையையும் தோலையும் தனித்தனியே காயவையுங்கள்.

காயவைப்பதைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். நெல் காயும் களத்திலோ வீட்டு முற்றத்திலோ கண்வலி விதையைப் பரப்பாதீர்கள். இந்தச் செடியில் நஞ்சில்லாத பாகமே இல்லை. கிழங்கு பார்வைக்குச் சர்க்கரைவள்ளியை ஒத்திருப்பதால் தவறிச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. சாப்பிட்டதும் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும், அதற்குள் நஞ்சு உடம்பெல்லாம் பரவியிருக்கும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. பேரப்பிள்ளை ஒரு விதையை வாயில் போட்டது தெரிந்தாலும், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், “கண்வலி விதை” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விதை உடைக்கும் பெண்களுக்குக் கையுறை கொடுங்கள். கை கழுவாமல் வெற்றிலை போட வேண்டாம் என்று தினமும் சொல்லுங்கள். பிரசவ வலிக்கென்று கிழங்கை அரைத்துக் கொடுக்கும் பழைய வழக்கம் உங்கள் பக்கம் இன்னும் எங்காவது இருந்தால், தயவுசெய்து நீங்களே போய்த் தடுத்துவிடுங்கள்.

மண் பரிசோதனை அறிக்கை வந்ததும் கிழக்கு ஓரத்தின் பி.எச்., மின்கடத்துதிறன் இரண்டையும் எழுதி அனுப்புங்கள். கூடவே, போன முறை தண்ணீர் எந்தத் தேதியில் ஏறி எந்தத் தேதியில் வடிந்தது, அப்போது பயிருக்கு எத்தனை நாள் வயது என்பதையும் பக்கத்து வயல்காரரிடம் கேட்டு எழுதுங்கள். சிஆர் 1009 சப் 1ஐ எந்த வாரம் விதைத்தால் பெருமழை வரும்போது உங்கள் பயிர் நன்றாகத் தூர் கட்டியிருக்கும் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆவணிக்குள் எழுதிவிட்டால் இந்தச் சம்பாவுக்கே பார்த்துவிடலாம்.